தகரவில்லையும் தொலைந்த அட்டையும்

இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் வந்த என் தங்கை மகள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: “மாமா, என்னோட காட்டைத் தொலைச்சிட்டேன்.” எனக்கு விளங்கவில்லை. மலையகத்தில் பிறந்து, மலைக்கும் காட்டுக்கும் நடுவே வாழ்பவள் எந்தக் காட்டைத் தொலைத்திருப்பாள் என்று யோசித்தேன். பிறகுதான் அவள் சொன்னது ‘கார்ட்’ என்பது புரிந்தது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறிப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கு ஆகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் சற்றுத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

அங்கே சில காலமாக இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வெள்ளை அட்டை. மடுவத்தில் கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டியதும் அட்டையை ஒரு சிறு பெட்டிக்கருகே காட்ட வேண்டும். பெட்டி ‘கீச்’ என்று ஒலி எழுப்பும், பச்சை விளக்கு எரியும், நிறை அவள் கணக்கில் ஏறிவிடும். காலை, நண்பகல், அந்தி என்று நாளுக்கு மூன்று நிறுவை. அட்டை இல்லாவிட்டால்? “எழுதி வைக்கிறேன், பிறகு ஏத்திக்கலாம்” என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். அப்படி எழுதி வைத்த நாட்களில் இரண்டு நாள் ‘பேர்’ மாத முடிவில் காணாமற் போயிருந்தது. புதிய அட்டைக்கான பணத்தைச் சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள். பேர் என்றால் தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலை. பேர் போனது என்றால் அந்த நாள் போனது.

அவள் என்னிடம் கேட்டது பணமல்ல, ஒரு கேள்வி. “போன் தொலைஞ்சா எங்கே இருக்குன்னு போன்லயே காட்டுதே. இந்தக் காட்டை மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியாது? மிஷினுக்கு என்னைத் தெரியும்னுதானே சொன்னாங்க?”

பதில் எனக்குத் தெரியவில்லை. கண்டியில் கணினி படிக்கும் அவள் மகன், என் பேரன் முறையாக வேண்டியவன், அரைகுறையாகச் சொன்னான். மீதியைத் தேடிப் படித்தேன். வயதான காலத்தில் இப்படி ஒன்றைத் தேடிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மறுநாள் காலை அச்சுக்குப் போகவேண்டும் என்ற அவசரம் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. ஓரத்தைச் சுற்றி மெல்லிய உலோகச் சுருள் ஒன்று, அதன் முனையில் எள்ளளவு சில்லு ஒன்று, அவ்வளவுதான். மடுவத்திலுள்ள பெட்டி இடைவிடாமல் ஒரு காந்தப் புலத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறது; இத்தகைய அட்டைகளுக்குப் பெரும்பாலும் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் அலைவுகள். அட்டை அதற்குள் வந்ததும் சுருளில் சிறிது மின்சாரம் பிறக்கிறது. அந்தக் கடன் மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொண்டு, தன் சுருளின் சுமையைக் கூட்டியும் குறைத்தும் தன் எண்ணைச் சொல்கிறது. பெட்டி தன் புலத்தில் ஏற்படும் அந்தச் சிறு மாற்றத்தைப் படிக்கிறது. சில விரற்கடை தள்ளிப்போனால் அட்டை மீண்டும் உறங்கிவிடும். ஆக, தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்து கிடக்கும் அட்டை எவ்வளவு காலமானாலும் தானாக ஒரு சொல்லும் சொல்லாது. தொலைபேசிக்குச் சொந்தமாக மின்கலம் இருக்கிறது, கத்துகிறது. இதைத் தட்டி எழுப்பினால்தான் பேசும்.

இப்படிப் பேசாப் பொருளைப் பேசவைக்கும் யோசனையின் வரலாறு விசித்திரமானது. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அது தூதரின் இல்லச் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கியது. 1952இல்தான் அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரியவந்தது. மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து வானொலிக் கற்றையை அதன்மீது பாய்ச்சினால், அறையின் பேச்சொலியைச் சுமந்துகொண்டு அலை திரும்பி வரும். அதைச் செய்தவர் லியோன் தெரெமின். கைபடாமல் வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே. இடையில் 1948இல் ஹாரி ஸ்டொக்மன் என்பவர், திருப்பி எதிரொளிக்கப்படும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதைச் செயலாக்கப் போதுமான சிறிய மின்னணு உறுப்புகள் அப்போது இல்லை. உலகம் கால் நூற்றாண்டு காத்திருந்தது.

1973 ஜனவரியில் மாரியோ கார்டுல்லோ, நினைவகத்துடன் கூடிய அலைவழி வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். 1971லேயே நியூயார்க் துறைமுக அதிகாரசபைக்கு அதைச் சுங்கம் வசூலிக்கும் கருவியாகச் செய்து காட்டியிருந்தார். இந்தியாவில் 2021 பெப்ரவரியிலிருந்து நான்கு சக்கர வாகனங்களுக்குக் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேக் அந்தக் கனவின் பேரப்பிள்ளைதான். அதே 1973இல் சார்ல்ஸ் வால்டன் சாவியில்லாமல் அட்டையால் கதவு திறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் அணுப்பொருட்களைக் கண்காணிக்கவென்று தொடங்கிய வேலை, 1970களிலேயே மாடுகளை அடையாளம் காணும் வேலையாகவும் கிளைவிட்டது. முதலில் சுங்கச்சாவடி, பிறகு கதவு, பிறகு மாடு. கொழுந்து பறிப்பவளின் கழுத்துக்கு வர இன்னும் சில காலம் எடுத்தது.

வர அவ்வளவு காலம் எடுத்தது என்றா சொன்னேன்? அது பிழை. கழுத்துக்கு அது முன்பே வந்துவிட்டது.

என் தங்கையிடம் ஒரு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. எங்கள் அம்மாவுடையது. அதன் அடியில், பாக்குவெட்டிக்குக் கீழே, பழைய ஒரு சதக் காசைவிடச் சற்றுப் பெரிதான தகரவில்லை ஒன்று கிடக்கிறது. மேல் விளிம்பில் ஒரு துளை. நடுவில் அடித்துப் பதித்த ஓர் எழுத்தும் சில எண்களும். எங்கள் தாத்தா பத்து வயதுச் சிறுவனாகத் தன் தகப்பனோடு தூத்துக்குடியில் கப்பலேறியபோது கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் கட்டப்பட்டது அது.

தகரவில்லை முறை 1901இல் இலங்கையில் புகுத்தப்பட்டது. தோட்டத்துரை தன் தோட்டத்துக்குரிய எண் பதித்த வில்லைகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவார். கங்காணி ஊர் ஊராகச் சென்று சேர்த்த ஆட்களின் கழுத்தில் அவற்றைக் கட்டுவார். வில்லை இருந்தால் கப்பலுக்கும் ரயிலுக்கும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. துறைமுகத்திலும் நோய்த்தடுப்பு முகாமிலும் ரயில் நிலையத்திலும் வில்லையின் எண்ணைப் பார்த்துச் செலவை அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதுவார்கள். ஆளின் பெயரை யாரும் கேட்க வேண்டியதில்லை. தபாற் பொதி போலப் புறப்பட்ட ஆள் தவறாமல் உரிய தோட்டத்தில் போய் இறங்குவார். இறங்கிய மறுநாளே அந்தச் செலவெல்லாம் அவர் தலையில் கடனாக ஏறியிருக்கும்.

அதற்கு முந்திய தலைமுறைக்கு இந்த வில்லையும் இருக்கவில்லை. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அவர்களைத் தேடும் கருவி எதையும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நடைபாதை முடிந்த இடத்தில், பிழைத்து வந்தவர்கள் கும்பிட்டவள் மாத்தளை முத்துமாரி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மாசி மகத்தில் அவளது ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்போது அந்தக் கதையையும் சேர்த்தே இழுப்பதாக எனக்குத் தோன்றும். 1983இல் அந்தக் கோயிலும் எரிந்தது. அது வேறொரு நாள் எழுத வேண்டிய கதை.

தகரவில்லைக்கு ஒரு துணைவனும் உண்டு. அதன் பெயர் ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டு இல்லாதவரை எவரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். கடன் ஆளோடு கைமாறும். அதை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

எங்கள் அப்பா அந்தத் தகரவில்லையை ஒரு முறை வெளியே எடுத்துப் போயிருக்கிறார். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தில் எங்களுக்கு இடமில்லாமற் போனது வாசகர்கள் அறிந்ததே. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் 1946க்கு முன்னரே இடைவிடாமல் இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும், திருமணமானவருக்கு ஏழு ஆண்டுகள், ஆகாதவருக்குப் பத்து. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். விசாரணைக்கு அழைக்கப்பட்ட அப்பா, தன் தகப்பன் எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறார் என்பதற்குக் காட்ட வேறொன்றும் இல்லாமல் அந்த வில்லையை மேசைமீது வைத்தாராம். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் உன் தகப்பன் பெயர் எங்கே?” என்று கேட்டாராம்.

கேள்வியில் பிழை சொல்ல முடியாது. அதில் பெயர் இல்லைதான். எண் இருந்தது, அந்த எண்ணுக்கு எதிரே பெயரெழுதிய பேரேடு தோட்டத்துக் கந்தோரில் இருந்தது. அந்தத் தோட்டம் இரண்டு முறை கைமாறியிருந்தது. பேரேடு எங்கே போனதென்று எவருக்கும் தெரியவில்லை. அப்பாவின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் சித்தப்பா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார். எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. நான் வாக்களிக்க முடியாத நாட்டில் தேர்தல் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

இன்றைய அட்டைக்குள் இருப்பதும் பெயரல்ல, ஓர் எண் மாத்திரமே என்று பேரன் சொன்னபோது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. எண்ணுக்கு எதிரே பெயர் இருப்பது கந்தோர்க் கணினியில்.

சரி, தொலைந்த வில்லையைக் கண்டுபிடிக்கும் கருவிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. அட்டையைவிட நெடுந்தூரம் எட்டும் இன்னொரு வகை வில்லை உண்டு. 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்குவது, பல மீட்டர் தொலைவிலிருந்து படிக்கக்கூடியது. துணிக்கடைகளிலும் பண்டகசாலைகளிலும் புழங்குவது இதுதான். கையடக்கப் படிப்பானை வீசிக்கொண்டு நடந்தால், தேடும் வில்லையை நெருங்க நெருங்க ஒலி விரைவுபடும். நாங்கள் சிறுவயதில் ஒளித்துவைத்த பொருளைத் தேடி ‘சூடு, சூடு’ என்று விளையாடியதே, அதே முறை. ஆனால் அலையின் வலிமையை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். சுவரும் இரும்பும் அலையைத் திருப்பியடிக்கும். பக்கத்தில் இருப்பது தூரத்திலும் தூரத்தில் இருப்பது பக்கத்திலும் இருப்பதாகத் தோன்றும். எனவே பல அலைக்கம்பங்களை நிறுத்தி, திரும்பிவரும் அலையின் கட்டம் எவ்வளவு பிந்துகிறதென்று ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2003இல் ஹொங்கொங் ஆய்வாளர்களும் அவர்களது அமெரிக்க நண்பர்களும் வெளியிட்ட முறை. லேண்ட்மார்க் என்று பெயர். அறையில் இடம் தெரிந்த சில வில்லைகளை முன்கூட்டியே பதித்துவிடுவார்கள். தேடும் வில்லையின் அலைவலிமை அவற்றில் எவற்றோடு ஒத்திருக்கிறதென்று பார்த்து, அவற்றுக்கு அருகில்தான் இதுவும் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வார்கள். லயத்தில் ஒருவரைத் தேடிப் போனால் பக்கத்துக் காம்பராவில்தானே கேட்போம்? இங்கும் அதுவே. ஒரே வேறுபாடு, அவர்கள் பயன்படுத்தியவை மின்கலம் உள்ள வில்லைகள்.

பல வில்லைகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பது இன்னொரு சிக்கல். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது இருநூறு பேரும் ஒருமிக்க ‘ஐயா’ என்றால் ஒருவர் பெயரும் செக்ரோலில் ஏறாது. 1970களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலியால் இணைத்த நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் கண்ட ‘அலோஹா’ முறையின் வழிவந்த தீர்வு இதற்கு உதவியது. ஒவ்வொரு வில்லையும் ஏதேனும் ஓர் எண்ணைத் தானே தற்செயலாகத் தெரிந்தெடுத்துக்கொண்டு, அந்த முறை வரும்வரை வாய்மூடி இருக்கும். இரண்டு மோதிக்கொண்டால் மறுபடியும் ஒரு சுற்று. கணக்கப்பிள்ளைமாருக்கு இவ்வளவு பொறுமையை நான் கண்டதில்லை.

ஆனாலும் தேயிலை மலையில் இந்தக் கெட்டிக்காரக் கருவிகளுக்கு ஓர் எதிரி இருக்கிறது: நீர். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீர்தான். நெடுந்தூரம் எட்டும் அந்த உயர் அலைகளை நீர் உறிஞ்சிவிடும். மழை நனைத்த செடிகளுக்கடியில் கிடக்கும் வில்லையைப் பத்தடியிலிருந்தும் படிப்பது கடினம். தங்கை மகளின் அட்டையோ அந்த வகையும் அல்ல. ஆகவே அவள் கேள்விக்கு விடை: முடியாது.

வஸ்கமுவப் பக்கத்து யானைகளைக் கழுத்துப்பட்டியை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். அது வேறு. அந்தப் பட்டிக்குள் கனத்த மின்கலமும் செய்மதியைப் பார்த்து இடமறியும் கருவியும் உண்டு. கேரளத்தில் வளர்ப்பு யானைகளின் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்களே மைக்ரோசிப், அதுதான் இந்த அட்டையின் சாதி. யானை எங்கே என்று அது சொல்லாது. அருகே போய்ப் படிப்பானைக் காட்டினால், இது எந்த யானை என்று மட்டும் சொல்லும்.

அடுத்த வாரம் நானே தோட்டத்துக்குப் போனேன். அந்தி நிறுவைக்கு மடுவத்தில் நின்றேன். கருவியைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்துப் போனவனுக்கு ஏமாற்றம். “மிஷின் நல்லதுதான் மாமா. முன்னே அவரு என்ன எழுதினாரோ அதுதான் கிலோ. இப்ப நம்பர் கண்ணுக்குத் தெரியுதில்ல” என்றாள். உண்மைதான். மாத்தளையில் மட்டுமல்ல, மலையகம் முழுவதும் தராசுக் கள்ளம் என்பது மூன்று தலைமுறைப் புலம்பல். நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின், பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவை உயர்த்தினார்கள். அரைக் கிலோவில் ஒரு பேர் அரைப் பேராகும் நிலை. அங்கே பொய் எழுதாத தராசு சிறிய விடயமல்ல.

ஆனால் சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிக்கும் கிலோ இன்னும் கழிகிறது. முன்பு கணக்கப்பிள்ளை வாயால் சொல்லிக் கழித்தார், சண்டை போடலாம். இப்போது அது தராசுக்குள்ளேயே முன்கூட்டிப் பதிந்திருக்கிறது. வெயில் கொளுத்தும் நாளிலும் தண்ணீருக்கு ஒரு கிலோ போகிறது. “யார்கிட்ட சண்டை போடுறது? அதுக்குத்தான் காது இல்லையே” என்றாள் பக்கத்தில் நின்ற அம்மையார் ஒருவர். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பழக்கதோஷம்.

காணாமற் போன இரண்டு நாள் பேரைப் பற்றிக் கந்தோரில் கேட்டேன். இளைஞரான ஓர் உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். கணினியில் பார்த்துவிட்டு, அந்த இரண்டு நாளும் அவர் வேலைக்கு வரவில்லை என்று காட்டுகிறது என்றார். அவள் பறித்த மலையில் அவளுக்கு இடமும் வலமும் நின்று பறித்த இருவரை அழைத்துக் கேட்கலாமே என்றேன். சற்று யோசித்தார். அழைத்தார். இருவரும் வந்து சொன்னார்கள். ஹொங்கொங்காரர்கள் 2003இல் செய்ததும் இதைத்தான் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அட்டை கிடைத்தது, கருவி எதுவுமில்லாமல். தேயிலையில் ஒரு மலையைப் பறித்துவிட்டுப் போனால் ஏழிலிருந்து பத்து நாளில் கொழுந்து மறுபடி விட்டிருக்கும். அதே நிரைக்கு அதே ஆட்கள் திரும்புவார்கள். ஒன்பதாம் நாள் அவள் தன் பழைய நிரையில் இறங்கியபோது, இடுப்பளவுச் செடியின் கவட்டில் கயிறு மாட்டி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மடுவத்துப் பெட்டியில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. புதிய அட்டை கொடுத்த அன்றே பழைய எண்ணைக் கணினியில் நீக்கிவிட்டார்களாம்.

இப்போது அது தங்கையின் வெற்றிலைப் பெட்டிக்குள் தகரவில்லையோடு கிடக்கிறது. நான் புறப்படும்போது தங்கை வில்லையைப் புளியிட்டுத் தேய்த்து, “எழுத்து தெரியுதா அண்ணே?” என்று நீட்டினாள். எழுத்தும் முதலிரண்டு எண்களும் தெரிந்தன. மூன்றாவது மூன்றா எட்டா என்று என் கண்ணாடிக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் பேர் அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டது. அட்டைக்கு வெட்டிய காசு இன்னும் வரவில்லை.